பட்டிப்பூவும் மரப்பட்டையும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், எண்பதுகளின் உயர்தர உயிரியல் பிரிவு மாணவிகள் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



எங்கள் வகுப்புக்கு இருபது நிமிடம் தரப்பட்டிருக்கிறது. பழைய நினைவுகளைப் பேசலாம் என்றுதான் முதலில் எண்ணினோம். விளையாட்டுப் போட்டி, வாணி விழா, மழைக்காலத்தில் ஒழுகிய கூரை என்று பேச எவ்வளவோ உண்டு. ஆனால் அவற்றையெல்லாம் எங்களுக்கு முன் பேசியவர்கள் எங்களைவிட நன்றாகவே சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு வேறொரு கடமை பாக்கி இருக்கிறது. எங்களுள் ஒருத்தி தான் போவதற்கு முன் எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது அது. தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டாள். நடந்ததைச் சொல்லச் சொன்னாள். அதனால் மார்பகப் புற்றுநோய் பற்றியும், அதற்குத் தாவரங்களிலிருந்து கிடைத்த மருந்துகள் பற்றியும் இன்று பேசுகிறோம். மேடையில் இதைப் பேசுவதா என்று கூச்சப்படும் வயதை நாங்கள் தாண்டிவிட்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு செய்தி வந்தது. முள்ளன்னமுன்னா இலையை அவித்துக் குடித்தால் புற்றுநோய் மாறும், அது கீமோ மருந்தைவிடப் பத்தாயிரம் மடங்கு வலிமை வாய்ந்தது, மருந்துக் கம்பனிகள் இதை மறைத்துவிட்டன என்று அதில் இருந்தது. அந்தக் குழுவில் விஞ்ஞானப் பட்டதாரிகள் இருக்கிறோம், ஆசிரியைகள் இருக்கிறோம், மருந்தாளராக வேலை பார்த்தவரும் இருக்கிறார். ஒருவர்கூட, இது உண்மையா, யார் சொன்னது என்று கேட்கவில்லை. கைகூப்பும் படத்தைப் போட்டோம். சிலர் மற்றக் குழுக்களுக்கும் அனுப்பி வைத்தோம்.

அந்தச் சமயத்தில் எங்கள் தோழியின் இடது மார்பில் சுண்டங்காய் அளவில் ஒரு கட்டி இருந்தது. நோவு இல்லை. அவள் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. வைத்தியசாலைக்குப் போனால் வெட்டச் சொல்வார்கள், தலைமயிர் கொட்டும், கொழும்புக்கு அலைய வேண்டும், பிள்ளையின் கலியாணப் பேச்சு குழம்பும் என்ற பயங்கள் அவளுக்கு. நாங்கள் அனுப்பிய செய்தி அவளுக்கு ஒரு வழியைக் காட்டியது. இலை முற்றத்திலேயே இருந்தது. பத்து மாதம் அவித்துக் குடித்தாள். கட்டி நெல்லிக்காய் அளவாகி, அக்குளிலும் நெறி கட்டிய பிறகுதான் மகள் கண்டு பிடித்து, பிடிவாதமாக வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனாள்.

சிகிச்சை தொடங்கியது. முதலில் சில தடவைகள் சிவப்பு நிற மருந்தொன்றை ஏற்றினார்கள். அது மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து கிடைத்த மருந்து. அதன் பின் வாராவாரம் பக்லிடாக்செல் என்ற மருந்து. கைநரம்பில் சேலைன் ஏறிக்கொண்டிருக்க, இந்த மருந்து எதில் செய்தது என்று அவள் தாதியிடம் கேட்டிருக்கிறாள். அன்று பின்னேரம் எங்களுக்கு ஒரு குரல்பதிவு வந்தது. “அடியே, இதுவும் ஒரு மரப்பட்டையிலயிருந்து வந்ததாமடி. மரத்து மருந்துதான் எண்டு முதலே யாரும் சொல்லியிருந்தா நான் பயப்படாமல் வந்திருப்பனே.”

அதைக் கேட்டு நாங்கள் அன்று சிரித்தோம். பிறகு அழுதோம். அதன் பிறகுதான், உயர்தரத்தில் தாவரவியலும் விலங்கியலும் இரசாயனவியலும் பௌதிகவியலும் படித்த நாங்கள், இந்த விடயத்தை ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தோம். அவள் அதன் பின் நான்கு ஆண்டுகள் இருந்தாள். நாங்கள் படித்ததை அவளுக்கும் வாசித்துக் காட்டினோம். “இதைப் பள்ளிக்கூடத்தில போய்ச் சொல்லுங்கோ” என்றாள். அதைத்தான் இப்போது செய்கிறோம்.

முதலில் நம் ஊர்ப் பூவிலிருந்து தொடங்குவோம்.

பட்டிப்பூவை இங்கே அறியாதவர் இல்லை. டச்சு விரிகுடா மணலிலும், உப்புவெளியிலும், நிலாவெளி வீதியோரத்திலும், மயானக் கரையிலும் யாரும் தண்ணீர் ஊற்றாமலே வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்துக் கிடக்கும் செடி. தமிழ்நாட்டுக்குப் போன தோழியர் அதை நித்தியகல்யாணி என்று சொல்லக் கேட்டிருப்பார்கள். ஐந்து இதழ் இருப்பதாலும் எப்போதும் கிடைப்பதாலும் தாவரவியல் செய்முறை வகுப்பில் அதைத்தான் நெடுக்கு வெட்டாக வெட்டிப் பூச்சூத்திரம் எழுதினோம். அதன் பூர்வீகம் மடகஸ்கார் தீவு. அங்கிருந்து வெப்பநாடுகளின் கரைகளெங்கும் பரவிவிட்டது.

மேற்கிந்தியத் தீவான ஜமெய்க்காவில் இதன் இலையை அவித்து நீரிழிவுக்குக் குடிக்கும் வழக்கம் இருந்தது. 1952இல் அந்த இலைகள் சில கனடாவுக்கு அனுப்பப்பட்டன. ஒன்ராரியோ மாகாணத்தின் லண்டன் நகரில், வெஸ்டர்ன் ஒன்ராரியோ பல்கலைக்கழகத்தில் ரொபர்ட் நோபிள் என்ற ஆய்வாளர் அவற்றை நீரிழிவுக்காகச் சோதித்தார். எலிகளுக்கு வாய்வழி கொடுத்தபோது சர்க்கரை குறையவில்லை. சாற்றை ஊசியாக ஏற்றியபோது எலிகள் இறந்தன. ஏன் இறந்தன என்று பார்த்தால், அவற்றின் வெண்குருதிக் கலங்கள் மிகவும் குறைந்து, கிருமித் தொற்றினால் இறந்திருந்தன. வேறு யாராவது என்றால் ஆய்வு தோற்றது என்று மூடி வைத்திருப்பார்கள். வெண்கலங்களைக் குறைக்கும் பொருள், வெண்கலங்கள் கட்டுமீறிப் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு உதவுமல்லவா என்று அவர்கள் யோசித்தார்கள். சாள்ஸ் பியர் என்ற இரசாயனவியலாளருடன் சேர்ந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து 1958இல் அறிவித்தார்கள். அதுதான் வின்பிளாஸ்டின். அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனமும் அதே செடியில் வேலை செய்துகொண்டிருந்தது. அங்கிருந்து வந்த வின்கிரிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் பாவனைக்கு அனுமதிக்கப்பட்டது. சிறுபிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அது முக்கியமான மருந்து. பின்னர் பிரான்சில் பியர் பொத்தியே என்பவரின் குழு, பட்டிப்பூப் பொருளைச் சற்று மாற்றி வினோரெல்பின் என்ற மருந்தை உருவாக்கியது. முற்றிப் பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு அதைக் கொடுக்கிறார்கள்.

ஆகவே நம் கடற்கரைப் பூவிலிருந்து புற்றுநோய் மருந்து வந்தது உண்மை. இனித்தான் கவனிக்க வேண்டிய கணக்கு வருகிறது. 1 கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். அதாவது பத்து மூட்டை நெல்லின் நிறையளவு இலையில் ஒரு சிட்டிகை மருந்து. அந்த ஒரு சிட்டிகையோடு அந்தச் செடியில் வேறு எத்தனையோ அல்கலொயிட்டுகளும் கலந்திருக்கின்றன. பிரித்தெடுத்த மருந்தைக்கூட நரம்புக்குள் மட்டுமே ஏற்ற வேண்டும். வின்கிரிஸ்டின் தவறி முள்ளந்தண்டு நீருக்குள் போனால் உயிரே போய்விடும். அதனால்தான் அதன் பொதியிலேயே அந்த எச்சரிக்கையை அச்சிட்டிருப்பார்கள். பட்டிப்பூ இலையை வீட்டில் அவித்துக் குடிப்பவர், எவ்வளவு குடிக்கிறோம் என்று அறியாமல் ஒரு நஞ்சைக் குடிக்கிறார். நோய்க்குப் போதுமான மருந்தும் அதில் கிடைக்காது.

அடுத்தது எங்கள் தோழிக்கு ஏற்றிய மரப்பட்டை மருந்து.

1962இல் ஆர்தர் பார்க்ளே என்ற தாவரவியலாளர், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் பசிபிக் யூ என்ற மெதுவாக வளரும் மரத்தின் பட்டையைச் சேகரித்தார். நாட்டிலுள்ள தாவரங்களில் புற்றுநோய்க்கு எது உதவும் என்று ஆயிரக்கணக்கானவற்றைச் சோதிக்கும் அரசாங்கத் திட்டமொன்று அப்போது நடந்துகொண்டிருந்தது. அந்தப் பட்டையிலிருந்து செயற்படும் பொருளைப் பிரித்தவர்கள் மொன்றோ வோல், மன்சுக் வானி என்ற இருவர். மன்சுக் வானி இந்தியாவிலிருந்து சென்றவர். பொருளின் கட்டமைப்பை 1971இல் வெளியிட்டார்கள். அப்போதும் அதில் எவருக்கும் பெரிய ஆர்வம் இல்லை. தண்ணீரில் கரையாது, மரத்தில் மிகக் குறைவாகவே உண்டு. 1979இல் நியூயோர்க்கில் சூசன் ஹோர்விட்ஸ் என்ற பெண் விஞ்ஞானி, இந்தப் பொருள் மற்ற எந்த மருந்தையும் போலல்லாத வழியில் கலப்பிரிவை நிறுத்துகிறது என்று காட்டிய பிறகே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த வழியை இங்கே விளக்கக் கரைவலையை நினைத்துக்கொண்டால் போதும். வலையின் இரு அந்தத்திலும் கயிறு கட்டி, ஒரு கூட்டம் இந்தப் பக்கமும் மற்றக் கூட்டம் அந்தப் பக்கமுமாக நின்று இழுப்பதை நாம் திருக்கடலூரிலும் நிலாவெளியிலும் பார்த்திருக்கிறோம். ஒரு கலம் இரண்டாகப் பிரியும்போதும் நிறமூர்த்தங்களை இரு பக்கமும் இழுக்கக் கயிறுகள் தேவை. அவை நுண்குழாய்கள். இழையுருப்பிரிவுப் படத்தில் கதிர் என்று வரைந்து புள்ளி வாங்கினோமே, அவைதான். தேவைப்படும்போது அவை நீள வேண்டும், பிறகு குறுக வேண்டும். பட்டிப்பூ மருந்து அந்தக் கயிற்றைத் திரிக்கவே விடாது. யூ மரத்து மருந்து திரித்த கயிற்றை விறைக்கச் செய்துவிடும், குறுகாது, இழுபடாது. இரண்டு வழியிலும் கலம் பிரிய முடியாமல் நடுவில் நின்று இறக்கும். புற்றுநோய்க் கலம் ஓயாமல் பிரிவதால் அதற்கே பெரிய அடி விழுகிறது. ஆனால் மயிர்வேரும் குருதிக் கலம் உண்டாகும் என்பு மச்சையும் வேகமாகப் பிரிபவை. அதனால்தான் மயிர் கொட்டுகிறது, வெண்கலம் குறைகிறது. நரம்புக் கலத்துக்குள்ளும் இதே நுண்குழாய்கள் இருப்பதால் விரல்நுனி மரத்துப் போகிறது. எங்கள் தோழிக்குச் சட்டைப் பொத்தான் பூட்ட முடியாமல் போனது இதனால்தான். தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று விளங்கிய பிறகு அவளுக்குப் பயம் பாதியாகக் குறைந்தது.

இந்த மருந்தை 1992இல் சூலகப் புற்றுநோய்க்கும் 1994இல் மார்பகப் புற்றுநோய்க்கும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்தது. பட்டை சேகரித்த நாளிலிருந்து மார்பக நோயாளியின் கைநரம்பு வரை 32 ஆண்டுகள். 1 கிலோ மருந்துக்குச் சுமார் 10,000 கிலோ பட்டை தேவைப்பட்டது. பட்டையை உரித்தால் மரம் பட்டுவிடும். இப்படியே போனால் காடே மிஞ்சாது என்ற நிலை வந்தது. அப்போது ஐரோப்பிய யூ மரத்தின் இலையில் இதற்கு மூலமான ஒரு பொருள் இருப்பதைப் பொத்தியேயின் குழு கண்டது. இலை பறித்தால் மீண்டும் துளிர்க்கும். அந்தப் பொருளிலிருந்து பக்லிடாக்செலையும் செய்யலாம், டொசிடாக்செல் என்ற அதன் சகோதர மருந்தையும் செய்யலாம். இன்று தாவரக் கலங்களைத் தொட்டிகளில் வளர்த்தும் எடுக்கிறார்கள்.

இன்னொரு செய்தி எங்களைச் சிரிக்க வைத்தது. தண்ணீரில் கரையாத இந்த மருந்தைக் கரைக்க அவர்கள் பிடித்தது ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு பதார்த்தம். பாடசாலை விடுமுறை தொடங்கியதும் மூக்கைப் பிடித்துப் பேதிக்கு ஊற்றினார்களே, அதே ஆமணக்கு. அந்தக் கரைப்பான் சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதால், மருந்துக்கு முன்பே தடுப்பு ஊசிகள் போட்டு, தாதியர் பக்கத்தில் நின்று கவனிப்பார்கள்.

மரம் கொடுத்த மருந்துகளின் வரிசை இதோடு முடியவில்லை. வோலும் வானியும் 1966இல் சீனாவின் ஒரு மரத்திலிருந்து கம்ப்டொதெசின் என்ற பொருளையும் பிரித்தெடுத்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கைக் காடுகளிலும் வளரும் நொதபொடைட்ஸ் என்ற சிறுமரத்திலும் அதே பொருள் உண்டு. நேரடியாகக் கொடுத்தபோது அது நோயாளிகளைப் படாதபாடு படுத்தியது. அதன் வழிவந்த பொருள்களை, புற்றுநோய்க் கலத்தைத் தேடிப் பிடிக்கும் பிறபொருளெதிரியோடு கட்டி அனுப்பும் புதிய மருந்துகள் அண்மைய ஆண்டுகளில் வந்திருக்கின்றன. ஹோமோன் மருந்துக்கும் கட்டுப்படாத கடினமான வகை மார்பகப் புற்றுநோய்க்கு அவற்றுள் ஒன்று 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

“தாவரத்தில் மருந்து உண்டா?” என்று எங்களைக் கேட்டால், உண்டு என்று துணிந்து சொல்வோம். “அப்படியானால் இலையை அவித்துக் குடிக்கலாமா?” என்று கேட்டால், இல்லை என்று அதே துணிவோடு சொல்வோம். இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் இருப்பவை அளவு, தூய்மை, உடலில் சேரும் வழி, மனிதரில் நடத்திய பரீட்சை ஆகிய நான்கும். எங்கள் தோழி குடித்த கஷாயத்தில் இந்த நான்கில் ஒன்றும் இருக்கவில்லை.

ஆய்வுகூடத்து முடிவை எப்படி வாசிப்பது என்பதையும் சொல்ல வேண்டும். நம் உலர்வலயப் பற்றைக்காடுகளில் வளரும் முள்ளுப்பூலாத்தியைச் சிங்களத்தில் கட்டுபில என்பார்கள். புற்றுநோய்க்கு நல்லது என்று நாடு முழுதும் அதன் இலை விலைபோகிறது. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் கஷாயத்தை மூன்று வகை மார்பகப் புற்றுநோய்க் கலங்களில் சோதித்து, கலங்கள் இறப்பதைக் கண்டு 2015இல் வெளியிட்டார்கள். நம் நாட்டு விஞ்ஞானிகள் நம் நாட்டுச் செடியில் முறையாகச் செய்த வேலை அது, பெருமைப்பட வேண்டும். ஆனால் அது கண்ணாடித் தட்டில் வளர்த்த கலங்களில் கண்டது. யூ மரப்பட்டை அறுபதுகளில் நின்ற படியில்தான் இந்த இலை இன்று நிற்கிறது. பெண்ணின் உடலில் அது என்ன செய்யும், எவ்வளவு கொடுக்கலாம், ஈரல் தாங்குமா என்பவற்றுக்கு விடை காண இன்னும் பல படிகள் ஏற வேண்டும். தட்டில் கலங்களைக் கொன்ற எத்தனையோ பொருள்கள் அந்தப் படிகளில் விழுந்துவிட்டன.

மஞ்சளை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள குர்க்குமின் தட்டில் புற்றுநோய்க் கலங்களை அடக்குகிறது என்று ஏராளமான ஆய்வுகள் உண்டு. ஆனால் வாயால் உண்ட குர்க்குமினில் மிகச் சிறு பங்கே குருதியைச் சேர்கிறது. கறிக்குப் போடும் மஞ்சளால் பிழையில்லை. செறிவாக்கிய குளிசைகள் வேறு விடயம். 2002இல் வெளியான ஓர் ஆய்வில், மார்பகப் புற்றுநோய்க் கலங்களிலும் எலிகளிலும் சில கீமோ மருந்துகளின் வேலையைக் குர்க்குமின் தடுத்ததாகக் கண்டார்கள். சிகிச்சையின்போது வைத்தியருக்குச் சொல்லாமல் எதையும் விழுங்கக்கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

நாங்கள் அனுப்பிவைத்த முள்ளன்னமுன்னாவுக்கு வருவோம். பத்தாயிரம் மடங்கு என்ற பேச்சுக்கு மனிதரில் நடந்த எந்தப் பரீட்சையும் ஆதாரமில்லை. மாறாக, மேற்கிந்தியத் தீவான குவாடலூப்பில் இந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் வழக்கமாக உட்கொண்டவர்களிடையே, பார்க்கின்சன் நோய் போன்ற நடுக்கமும் தள்ளாட்டமும் அதிகம் காணப்பட்டதாக 1999இல் மருத்துவர்கள் எழுதினார்கள். அதிலுள்ள அனொனசின் என்ற பொருள் நரம்புக் கலங்களைத் தாக்கக்கூடியது. எப்போதாவது ஒரு பழம் சாப்பிடுவதைப் பற்றி நாங்கள் சொல்லவில்லை. மாதக்கணக்காக நாளுக்கு மூன்று வேளை இலைக் கஷாயம் குடிப்பதைப் பற்றிச் சொல்கிறோம்.

இவ்வளவையும் கேட்டு, நாங்கள் நாட்டு வைத்தியத்துக்கு எதிராகப் பேசுகிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். நம்மில் பலரைச் சிறுவயதில் காப்பாற்றியவர் பரியாரியார். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. முறையாகப் படித்த சித்த வைத்தியர் சேங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் கொடுக்கமாட்டார். அளவும் அனுபானமும் பத்தியமும் சொல்லாமல் எதையும் தரமாட்டார். நாடி பார்க்காமல், ஆளையே காணாமல், கைத்தொலைபேசியில் மருந்து சொல்லமாட்டார். நாங்கள் அனுப்பிய செய்தி சித்தமும் அல்ல, ஆங்கில வைத்தியமும் அல்ல. அதற்குப் பொறுப்பேற்க ஒருவரும் இல்லை. சித்த வைத்தியரிடம் போகிறவர்கள் போகட்டும். ஆனால் கட்டி என்றால் முதலில் பரிசோதனை செய்யட்டும். இரண்டு வைத்தியருக்கும் மற்றவர் தருவதை மறைக்காமல் சொல்லட்டும்.

காலம் கடத்துவதன் விலை என்ன என்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். குணப்படுத்தக்கூடிய நிலையில் புற்றுநோய் இருந்தும் வழமையான சிகிச்சையை மறுத்து மாற்று வழிகளை மட்டுமே நாடியவர்களை, சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். 2018இல் இதழில் வந்த முடிவின்படி, மார்பகப் புற்றுநோயில் மாற்று வழியை மட்டும் நாடியவர்கள் இறக்கும் அபாயம் 5.68 மடங்கு. இந்த எண்ணை நாங்கள் எங்கள் குழுவில் போட்டபோது இரண்டு நாள் ஒருவரும் எதுவும் எழுதவில்லை.

முதல் மாதமே போயிருந்தால் எங்கள் தோழி இன்று இங்கே இருந்திருப்பாளா என்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. கட்டி சிறிதாய், அக்குளுக்குப் பரவுமுன் கண்டால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம் என்பதை மட்டும் எல்லா வைத்தியரும் சொல்வார்கள். அந்த வாய்ப்பைத்தான் அந்தப் பத்து மாதம் தின்றது. அதில் எங்கள் கையும் உண்டு. அதை மறைக்க நாங்கள் இங்கே வரவில்லை.

இனி, செய்ய வேண்டியவை. இலங்கைப் பெண்களில் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் இதுதான். இருபது வயதிலிருந்து மாதம் ஒருமுறை நாமே நம் மார்பகங்களைப் பரிசோதிக்க வேண்டும். மாதவிடாய் முடிந்த ஓரிரு நாளில், கண்ணாடி முன் நின்றும், குளிக்கும்போது சவர்க்காரக் கையாலும், அக்குள் வரை தடவிப் பார்க்க வேண்டும். மாதவிடாய் நின்றவர்கள் மாதத்தில் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். நோவில்லாத கட்டி, தோல் குழிவிழுதல், முலைக்காம்பு உள்ளே இழுபடுதல், அதிலிருந்து இரத்தம் கசிதல், அக்குளில் நெறி ஆகியவற்றில் எது கண்டாலும் காட்ட வேண்டும். கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. அதைத் தெரிந்துகொள்ளவும் போய்க் காட்டத்தான் வேண்டும். அரிதாக ஆண்களுக்கும் இது வரும். வீட்டு ஆண்களுக்கும் சொல்லி வையுங்கள்.

எங்கே காட்டுவது? உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரைக் கேளுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. 35 வயதைத் தாண்டியவர்கள் அறிகுறி இல்லாமலும் போகலாம். பரிசோதனைக்குக் காசில்லை. மேற்கொண்டு வேண்டுமானால் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன்போல மகரகம ஒன்றுதான் கதி என்ற நிலையும் இல்லை. மட்டக்களப்பிலும் தெல்லிப்பழையிலும் சிகிச்சை உண்டு.

மூதூரிலும் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் இருக்கும் தோழியருக்குப் பெரிய தடை பயமும் பயணமும்தான். வைத்தியசாலை வாசலில் காலை ஆறு மணிக்குத் தனியே நிற்பது எவ்வளவு கடினம் என்று எங்கள் தோழி சொல்லியிருக்கிறாள். ஆகவே எங்கள் வகுப்பு ஒரு சிறு ஏற்பாட்டைத் தொடங்கியிருக்கிறது. பழைய மாணவி எவருக்காவது பரிசோதனைக்கோ சிகிச்சைக்கோ போக வேண்டியிருந்தால், எங்களில் ஒருவர் கூடப் போவோம். பேருந்துக் கட்டணமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை. “கடைக்குப் போகத் துணை வேணும்” என்று சொன்னால் போதும், விளங்கிக்கொள்வோம். லண்டனிலும் டொரொன்டோவிலும் சிட்னியிலும் இருந்து இந்த மலரை வாசிக்கப்போகும் சகோதரிகளே, நீங்களும் உங்கள் ஊரில் இதையே செய்யலாம். அங்கே மார்பகக் கதிர்ப்படம் எடுக்க வரச்சொல்லிக் கடிதம் வரும். அதை மேசை லாச்சிக்குள் வைக்காமல் போய்விட்டு வாருங்கள்.

இன்னொன்று. இனிமேல் ஒரு இலை, ஒரு வேர், ஒரு பழம் புற்றுநோயை மாற்றும் என்று உங்கள் தொலைபேசிக்குச் செய்தி வந்தால், மற்றவருக்கு அனுப்புமுன், அனுப்பியவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்? என்ன அளவில் கொடுத்தார்கள்? விடை வராவிட்டால் அந்தச் செய்தி உங்களோடு நிற்கட்டும். அதைவிட முக்கியம், அந்தச் செய்தியை ஒரு தோழி உங்களிடம் ஆவலாகக் கேட்டு வாங்கினால், அவளைத் தனியே கூப்பிட்டு, “ஏன் கேட்கிறாய்? எங்கேயாவது கட்டி இருக்கா? போய்க் காட்டினியா?” என்று கேளுங்கள். எங்கள் தோழி எங்களிடம் அந்தச் செய்தியை இரண்டாம் முறை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தாள். நாங்கள் ஏன் என்று கேட்கவில்லை.

எங்கள் வகுப்பு, பாடசாலையின் தாவரவியல் பாத்தியில் இந்த ஆண்டு பட்டிப்பூ நட்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு சிறு பலகையும் வைத்திருக்கிறோம். செடியின் பெயர், அதிலிருந்து வந்த மருந்துகளின் பெயர், 1958 என்ற ஆண்டு, 1 கிராமுக்கு 500 கிலோ என்ற கணக்கு ஆகியவற்றை அதில் எழுதியிருக்கிறோம். கீழே, “பறித்துக் குடிக்க வேண்டாம், கட்டி கண்டால் காட்டுங்கள்” என்று ஒரு வரி. அந்த வரி அவள் சொல்லித் தந்தது. வெளியே போகும்போது ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.